குலசேகரத்துப் பையனும் டர்போ காரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன், தினமும் கல்லூரிக்குப் போய்வர 2015-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ என்ற வேகமான டர்போ கார் வேண்டும் என்று வீட்டில் கேட்டான். அவன் அப்பா என் மனைவியின் தம்பி. "அத்தான், நீங்கள் வண்டியைப் பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று என்னிடம் வந்தார். முடிவு சொல்வது எளிது. இருபது வயதுப் பையனுக்கு எதற்கு இந்த வேகமெல்லாம், பேசாமல் ஒரு ஸ்விஃப்ட் வாங்கிக் கொடு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பதிலில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது காரைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லும் பதில். நான் வாகனக் காப்பீட்டில் நெடுநாள் சேத மதிப்பீட்டாளராக இருந்தவன். மோதியதும் மூழ்கியதுமான கார்களையே பார்த்துப் பழகியதால், ஒரு வண்டியின் பெயரைக் கேட்டு மகிழ்வதோ பயப்படுவதோ என்னால் முடிவதில்லை. அடிப்பாகத்தையும் காகிதங்களையும் பார்க்க வேண்டும். வாங்குகிற வீட்டையும் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மரம் முறித்த பணம்

வீடு குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகே. கல்லூரி நாகர்கோவில் பக்கம். ஒரு வழிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். கல்லூரிப் பேருந்து காலை ஏழு மணிக்கு முன்பே வந்துவிடும். மாலையில் ஆய்வக வேலை நீண்டால் அதைத் தவறவிட்டு, தக்கலையில் இறங்கி வேறு பஸ் பிடித்து வீடு சேர இரவாகிவிடும். வீட்டிலிருந்த பழைய ஆல்டோவை விற்றுவிட்டார்கள். பாட்டியை மாதம் ஒருமுறையாவது மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு இப்போது வாடகைக் கார்தான். ஆக, பையன் கேட்பது தனக்கான கார் என்றாலும், வரப்போவது வீட்டின் ஒரே கார்.

வருமானம் ரப்பர். தோட்டத்தில் பாதி மரங்கள் வயதாகிப் பால் வற்றியதால் அவற்றை முறித்து விற்றுவிட்டுப் புதுக்கன்று நட்டிருக்கிறார்கள். மரம் முறித்த பணம் மொத்தமாகக் கையில் இருக்கிறது. கன்று வளர்ந்து பால்வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை மீதிப் பாதித் தோட்டம்தான் சோறு போட வேண்டும். அதிலும் மழை பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை மட்டுமே பெருமழை. குமரி மாவட்டத்துக்கோ ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டும் உண்டு. கார்கள் அதிகம் பழுதாகும் மாதங்களும் ரப்பர் வீடுகளில் பணம் குறையும் மாதங்களும் இங்கே ஒன்றுதான்.

இந்த வீட்டின் நிலை மாதச் சம்பளக்காரரின் நிலைக்கு நேர் எதிரானது. சம்பளக்காரர் கடன் வாங்கிக் காரை எடுத்து மாதாமாதம் சமாளிப்பார். இங்கே ஐந்தரை லட்சம் ரொக்கம் இருக்கிறது. அடுத்த நவம்பரில் ஒரு லட்சம் திடீரென்று தேவைப்பட்டால் வழியில்லை. ஆகவே காரின் விலையை நான் இரண்டாம் இடத்தில்தான் வைத்தேன். பால்வெட்டு நின்ற மாதத்தில் இந்தக் கார் எவ்வளவு கேட்கும், அதை யார் கொடுப்பது என்பதே எனக்கு முதல் கேள்வி. இருக்கும் ஐந்தரை லட்சத்தில் எழுபத்தைந்தாயிரத்தை வங்கியில் தனியாகப் போட்டுவிட்டு, மீதியில் காரும் காப்பீடும் பெயர்மாற்றமும் முடிய வேண்டும் என்றேன். பையனின் முகம் வாடியது. அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாலை என்ன சொல்கிறது

திருவட்டார், வேர்க்கிளம்பி வழியாக அழகியமண்டபம் வரை ஏற்றமும் இறக்கமும் வளைவும் நிறைந்த சாலை. பல இடங்களில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அழகியமண்டபத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-இல் ஏறிய பிறகு தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம். பெயர்தான் தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் வரிசையாக நகரும். அவற்றின் பின்னால் பள்ளி வேன்கள், அவற்றுக்கிடையே இருசக்கர வாகனங்கள். காலை எட்டரை மணிக்குத் தக்கலையைக் கடப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சாலையில் வேகக் கார் எதற்கு என்ற கேள்விக்குப் பையன் ஒரு பதில் வைத்திருந்தான். "மாமா, லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு." பேச்சுக்காகச் சொன்னதல்ல, அதில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்து 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் பெட்ரோல் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையான (சக்கரத்தைத் திருப்பும் விசை) 115 நியூட்டன் மீட்டரைத் தருவது நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில். வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது டர்போ; அது உள்ள போலோவின் 1.2 லிட்டர் எஞ்சின் 175 நியூட்டன் மீட்டரை 1,500 சுழற்சியிலேயே தந்துவிடும். ஸ்விஃப்ட்டில் இரண்டு கியர் இறக்கி எஞ்சினை அலறவிட்டால்தான் கிடைக்கும் உந்துதல், டர்போ காரில் பாதத்தைச் சற்று அழுத்தினாலே கிடைக்கும்.

ஆனால் நான் மதிப்பிட்ட நேருக்கு நேர் மோதல்களில் எஞ்சினுக்குச் சக்தி போதாமல் நடந்தவை குறைவு. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாமல் வெளியே எடுத்தவையே மிகுதி. சக்தி அதிகமுள்ள கார் முந்தும் நேரத்தைக் குறைக்கும். முந்தலாம் என்ற எண்ணத்தை அதிகமாக்கும். இரண்டில் எது வெல்லும் என்பது ஓட்டுகிறவனைப் பொறுத்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாகர்கோவில் வரை போனேன். பையன் பொறுமைக்காரன். வில்லுக்குறி வரை ஒரு டாரஸ் பின்னாலேயே முணுமுணுக்காமல் வந்தான். இது இல்லாவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும்.

முதல் கார்: போலோ ஜிடி டிஎஸ்ஐ

கேரளப் பதிவு, மூன்றாம் உரிமையாளர், ஓடோமீட்டரில் 71,000 கிலோமீட்டர், கேட்ட விலை 4 லட்சத்து 60 ஆயிரம். விற்பவர் திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டம் வரை ஓட்டி வந்தார். அழகான கார், அதைச் சொல்லாமல் விட முடியாது. கதவு சாத்தும் ஓசையிலேயே பாதி விலை தெரியும். இரண்டு காற்றுப்பையுடன் 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் வாங்கிய உடல் அது. மகனை அதில் அனுப்ப ஒரு தகப்பனுக்குத் துணிவு வருவது நியாயமே.

கேரளக் கார் என்றதும் நான் முதலில் தேடுவது 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின் அடையாளம். நீரில் நின்ற கார்கள் கழுவிப் பளபளப்பாகிப் பல மாவட்டங்களுக்கும் போயின. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும்; சுருளின் அடியில் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக்கோடு அங்கேதான் நிற்கும். ஸ்டெப்னி கிடக்கும் குழி, டாஷ்போர்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தாங்கிகள், முகப்பு விளக்கின் உட்புறம் ஆகியவற்றையும் பார்த்தேன். பட்டை சுத்தம். குழியில் சேறில்லை. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் மட்டும் துரு. அது வெள்ளத் துருவா, உப்புக்காற்றுத் துருவா? அடியில் போய்ப் பார்த்தபோது புகைக்குழாய்ப் பிடிப்புகளிலும் சஸ்பென்ஷன் கைகளின் விளிம்புகளிலும் அதே மெல்லிய, சீரான செம்பழுப்பு. கடற்கரையில் நின்ற வண்டி. குளச்சல், முட்டம் பக்கத்துக் கார்களில் நாம் அன்றாடம் பார்ப்பதுதான். அது வேறு செலவு, ஆனால் வெள்ளமளவுக்குப் பயப்பட வேண்டியதல்ல.

கவலை கியர்பெட்டியில் இருந்தது. இந்தக் காரில் இருப்பது டிஎஸ்ஜி எனப்படும் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக் கியர்களுக்கு. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்பதால் மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். திறந்த சாலையில் அதன் இன்பத்தை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வகையில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறாமல் உலர்ந்த நிலையில் வேலை செய்கின்றன. நகர்ந்து நின்று நகரும் நெரிசலில் அவை ஓயாமல் வழுக்கிச் சூடாகும். அந்தச் சூட்டை எடுத்துப்போக எண்ணெய் கிடையாது. இதை ஆட்டுவிக்கும் மெக்கட்ரானிக் என்ற, மின்னணுவும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்து இயக்கும் தொகுதியும் தொல்லைக்குப் பெயர்போனது. 2013 நவம்பரில் இந்த ஏழு கியர் பெட்டியில் கியர்களுக்கான எண்ணெயை மாற்றிக் கொடுப்பதற்காக ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

பையனின் தினசரி வழியை நினைத்துப் பாருங்கள். காலையில் தக்கலை, மாலையில் மறுபடியும் தக்கலை, இடையிடையே ஏற்றத்தில் நின்று புறப்படுவது. இந்தக் கியர்பெட்டிக்குப் பிடிக்காத எல்லாம் அந்த வழியில் இருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் மேம்பாலத்தின் மேல் போகச் சொன்னார். நான் கீழே போகச் சொன்னேன். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் கடைத்தெரு நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் மேலே அரை மணி நேரம் பறந்தாலும் தெரியாதது தெரியும். தெரிந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு சிறு உதறல்; கார் சூடேறச் சூடேற அது கூடியது. "இந்த வண்டிகள் எல்லாமே இப்படித்தான் சார்" என்றார் விற்பவர். சில இப்படித்தான், அவை பிறகு லட்சத்தைத் தாண்டும் பில்லோடு நிற்கின்றன.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியபோது பிழைக்குறி ஒன்றுமில்லை. ஆனால் கார் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் உள்சோதனைகளில் சில முடியாமல் கிடந்தன. யாரோ அண்மையில் நினைவகத்தை அழித்திருந்தால் அப்படி இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில கார்களில் அப்படி ஆகும். பேட்டரி மாற்றியதாக அவர் சொன்னார், பேட்டரியும் புதிதாகத்தான் இருந்தது. நான் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. பதில் கிடைக்காத கேள்விக்கு இந்த வீட்டால் விலை கொடுக்க முடியாது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவரே பெருமையாகச் சொன்ன செய்தி: எஞ்சின் ரீமேப் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது அதன் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருக்கிறார்கள். பையனின் கண்கள் விரிந்தன. கியர்பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதால், ரீமேப் செய்த உடனே உடைந்துவிடும் என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் யார் செய்தது, எந்த மென்பொருள், எவ்வளவு ஏற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. விபத்து நடந்து என்னைப் போன்ற ஒருவர் வந்து பார்த்தால், தெரிவிக்காத மாற்றம் என்று முதல் வரியிலேயே எழுதுவார்.

காகிதமும் இடித்தது. வேறு மாநிலப் பதிவுக் காரை இங்கே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும்; அதற்குக் கேரளத்திலிருந்து 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வர வேண்டும்; தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி மலிவாகக் கார் எடுத்து வருகிறவர்கள் இந்தச் செலவை விலையில் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. 2023 ஜூனில் கேரளச் சாலைகளில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கிய பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது: முன்னாள் உரிமையாளரின் பெயரில் கட்டாமல் கிடக்கும் அபராதங்களைத் தேடிப் பார்ப்பது.

அடுத்துப் பெட்ரோல் செலவு. ஆண்டுக்கு 16,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தேன். இந்தச் சாலையில் போலோ 12 கிலோமீட்டர் கொடுத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய். ஸ்விஃப்ட் 17 கொடுத்தால் 96,000. நாற்பதாயிரம் வித்தியாசம். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லாப் பம்புகளிலும் வந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டுக் கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய வடிவமைப்புக் கார்களில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது.

போலோவை வேண்டாம் என்றேன். வேகக் கார் என்பது காரணமில்லை. உதறும் உலர் கிளட்ச், யார் செய்தது என்று தெரியாத ரீமேப், எல்லை தாண்டிய காகிதம் ஆகிய மூன்றும் ஒரே காரில் சேர்ந்திருந்தன. சம்பளக்காரருக்கு என்றால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது கார், விரைவாக

நாகர்கோவிலில் ஒருவரிடம் ஃபியட் அபார்த் புன்டோ இருப்பதாகப் பையன் கண்டுபிடித்து வந்தான். 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், கைக் கியர். 2015 அக்டோபரில் அது அறிமுகமானபோது பத்து லட்சத்துக்குள் அவ்வளவு சக்தி தரும் ஹேட்ச்பேக் வேறெதுவும் இந்தியாவில் இல்லை. ஸ்டியரிங்கின் கனம் இன்றைய கார்களில் கிடைக்காத ஒன்று. நானே ஒரு சுற்று கூடுதலாக ஓட்டினேன்.

தரையிலிருந்து 155 மில்லிமீட்டர்தான் உயரம். குலசேகரம் வீட்டு வாசலுக்கு ஏறும் சரிவில் முன் பம்பர் உரசாமல் ஏறாது. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. முன்கண்ணாடி உடைந்தால் எந்த ஊர் எந்தக் கிடங்கிலிருந்து வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு கார் இருக்கும் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி அது. பாட்டியை மருத்துவமனைக்கு ஏற்றிப்போக வேண்டிய வீட்டின் ஒரே கார் அதுவாக இருக்க முடியாது.

மூன்றாவது கார்: பலேனோ ஆர்எஸ்

இதைப் பையன் தேடி வரவில்லை. நான் சொன்னபோது, "பலேனோவா மாமா?" என்று கேட்ட குரலிலேயே அவமானம் இருந்தது. பார்க்கச் சாதாரணப் பலேனோதான். முகப்பில் சிறு மாற்றம், பின்னால் இரண்டு எழுத்து. உள்ளே 998 சிசி பூஸ்டர்ஜெட் டர்போ எஞ்சின், 102 குதிரைத்திறன், 1,700 சுழற்சியிலிருந்து 150 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் கைப்பெட்டி, நான்கு டிஸ்க் பிரேக். எடை 950 கிலோ மட்டுமே என்பதால் காகிதத்தில் போலோவுக்குப் பின்னால் நிற்பது சாலையில் அவ்வளவு பின்தங்குவதில்லை. 2017 மார்ச்சில் வந்து, மூன்று ஆண்டுகூட முழுதாக விற்காமல் நின்றுபோன கார். வாங்கியவர்கள் குறைவு, வாங்கியவர்களில் பலர் தெரிந்து வாங்கியவர்கள். பழைய கார் சந்தையில் அது நல்ல குணம்.

இந்த வண்டி 2018-ஆம் ஆண்டுக்குரியது. மார்த்தாண்டம் பதிவு, டிஎன் 75. ஒரே உரிமையாளர், 58,000 கிலோமீட்டர், ஒவ்வொரு ஆண்டும் எண்ணெய் மாற்றிய பில் கோப்பில் அடுக்கியிருந்தது. டர்போ எஞ்சினில் நான் முதலில் கேட்பது அந்தப் பில்களைத்தான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுழற்சிக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய டர்போ, ஓட்டிப் பார்க்கும்போது நல்லபடியாகவே ஓடும். நீலப்புகை பிறகுதான் வரும்.

அந்த உரிமையாளருக்குத் தெரியாத ஒரு செய்தியை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. 2016 அக்டோபர் 27-க்கும் 2019 நவம்பர் 1-க்கும் இடையே தயாரான 7,213 பலேனோ ஆர்எஸ் கார்களை, பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பில் குறை இருக்கலாம் என்று 2023 ஏப்ரலில் மாருதி திரும்ப அழைத்தது. குறை இருந்தால் பிரேக் மிதியை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள். எந்த உரிமையாளரிடம் இருந்தாலும் அந்த உரிமை காரோடு போகும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்தபோது இந்தக் காரில் அது மாற்றப்படவில்லை. மாற்றிய பிறகே பணம் என்று நிபந்தனை வைத்தோம். பழைய கார் வாங்குகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பதில் காட்டும் ஆர்வத்தில் கொஞ்சம் இதில் காட்டலாம்.

டயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்கும் பார்க்கத் தேவலாம்போல, பட்டை இன்னும் மீதமாக. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தேன்: 2318. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர்கள். ரப்பர் விளைவிக்கிற வீட்டுக்காரரிடம் ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டது என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை. என் மைத்துனர் நகத்தால் அழுத்திப் பார்த்தவுடன் முகத்தைச் சுளித்தார். ஐப்பசி மழையில் அழகியமண்டபம் இறக்கத்தில் பிரேக் பிடிப்பது அந்த டயர்கள்தான், நான்கு டிஸ்க்கும் அதற்குப் பிறகு. 16 அங்குலச் சக்கரத்துக்கு நான்கு புது டயரின் செலவைக் காட்டி விலையில் 25,000 ரூபாய் குறைத்தோம். 4 லட்சத்து 35 ஆயிரத்துக்கு முடிந்தது.

குறையும் உண்டு. கதவு, விளக்கு, ஏசி, சஸ்பென்ஷன் எல்லாம் சாதாரணப் பலேனோவுக்குப் பொதுவானவை, தக்கலையிலேயே கிடைக்கும். டர்போவும் பின் டிஸ்க் பிரேக் பாகங்களும் அப்படியல்ல. அவற்றைச் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். மோதல் பாதுகாப்பில் போலோவின் உடலுறுதியை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. இந்த இழப்பைப் பையனின் அப்பாவிடம் மறைக்கவில்லை. அவர் நீண்ட நேரம் யோசித்ததும் அதற்காகத்தான்.

எரிபொருளில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய். ஸ்விஃப்ட்டைவிடப் பதின்மூன்றாயிரம் கூடுதல். அந்தப் பதின்மூன்றாயிரத்தைப் பையன் விடுமுறையில் டியூஷன் எடுத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டான். வேகத்துக்கு யார் ஆசைப்பட்டார்களோ அவர்களே அதன் விலையைத் தருவது நல்ல ஏற்பாடு.

யார் பெயரில்

இதில்தான் பெரிய விவாதம் நடந்தது. அப்பாவின் பெயரில் பதிவு செய்வதுதான் வழக்கம். ஆனால் அவரிடம் இருசக்கர வாகன உரிமம் மட்டுமே உண்டு. காப்பீட்டில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு என்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறது. உரிமையாளரிடம் அந்த வண்டிக்குரிய உரிமம் இருந்தால்தான் அது செல்லும், அதுவும் அவருக்கு மட்டும். அப்பா பெயரில் கார், ஓட்டுவது மகன் என்றால், மகனுக்கு நேரும் காயத்துக்கு அந்தக் காப்பு கைகொடுக்காது. எதிரே வந்தவருக்கு மூன்றாம் தரப்புக் காப்பு இருக்கும். சொந்தப் பிள்ளைக்கு இருக்காது. எத்தனையோ வீடுகளில் இது மருத்துவமனை வராந்தாவில்தான் தெரியவருகிறது.

மகனுக்கு இருபது வயது, உரிமம் இருக்கிறது. அவன் பெயரிலேயே பதிவு செய்து 15 லட்சம் காப்பும் எடுக்கச் சொன்னேன். அப்பாவுக்குத் தயக்கம். கார் அவன் பெயரில் இருந்தால் நம் சொல் நிற்குமா என்றார். காப்பீட்டால் தீர்க்க முடியாத கேள்வி அது. பையனிடம் ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: "மக்களே, சாவியை நண்பர்கள் யாருக்கும் கொடுக்கக் கூடாது." உரிமம் இல்லாத நண்பன் ஓட்டி விபத்தானால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாகலாம். வசூலிக்க இருப்பது புதுக்கன்று நட்ட தோட்டம்தான்.

மூன்றாம் தரப்புக் கட்டணத்தில் ஒரு வேடிக்கை. அது எஞ்சினின் கொள்ளளவைப் பார்க்கிறதே தவிரச் சக்தியைப் பார்ப்பதில்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 வரை 3,416 ரூபாய். 998 சிசி டர்போ, 1.2 லிட்டர் ஸ்விஃப்ட்டைவிடக் குறைவாகக் கட்டுகிறது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய உரிமையாளர் சேர்த்து வைத்திருந்த கோரிக்கையில்லாச் சலுகை காரோடு வராது என்பதால் அந்த மகிழ்ச்சி சேதக் காப்பின் பிரீமியத்தில் கரைந்துவிட்டது. பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம்.

ஒரு மழைக்குப் பிறகு

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு கணக்கைப் பார்த்தேன். பையன் பெட்ரோல் பில்களை எழுதி வைக்கிறான், சராசரி 14.6 வந்திருக்கிறது. கார்த்திகை மழையில் வேர்க்கிளம்பிக்கு அருகே நீர் மூடிய பள்ளத்தில் இறங்கி ஒரு அலாய் சக்கரம் வளைந்தது, புது டயரின் பக்கச்சுவரும் கிழிந்தது. பலேனோவின் அடிப்படை வகைகளில் வந்த 15 அங்குல டயராக இருந்தால் பக்கச்சுவர் இன்னும் உயரமாக இருந்திருக்கும், தப்பியிருக்கவும் கூடும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் செலவு, வங்கியில் ஒதுக்கிய தொகையிலிருந்து. அந்த மாதம் பால்வெட்டு ஏறத்தாழ இல்லை.

ரீமேப் பேச்சு இடையில் ஒருமுறை வந்தது. செய்துகொள், ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு அவர்கள் பதிலை எனக்குக் காட்டு என்றேன். கடிதம் இதுவரை எழுதப்படவில்லை. பாட்டிக்குத் தாழ்வான இருக்கையில் ஏறி இறங்குவது சிரமமாக இருக்கிறது. முன் இருக்கையில் ஒரு மெத்தை போட்டிருக்கிறார்கள். பின் பிரேக் டிஸ்க்குகள் இரண்டும் தேய்ந்து வருவதாகவும் அடுத்த சர்வீஸில் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். பாகம் வர எத்தனை நாளாகும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஜூன் மழைக்கு முன்பே கையில் இருக்கட்டும் என்று இப்போதே முன்பணம் கட்டிவிட்டோம்.